ஒரு தேங்காய், இரண்டு இலை: சித்திரை விசு இரவுக்குச் சொதிச் சாப்பாடு

பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு. கணவன், மனைவி இருவர் மட்டும். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். சித்திரை விசு, அதாவது தமிழ்ப் புத்தாண்டு நாளான ஏப்ரல் 14 அன்று அவருக்குக் காலைப் பணி, வீடு திரும்ப மூன்றரை மணி ஆகிவிடும். கணவருக்கு விடுமுறை. ஊருக்குப் போக வழியில்லாததால் விசுச் சாப்பாடு மதியத்திலிருந்து இரவுக்கு நகர்ந்தது. என்ன சமைப்பது என்பதில் இருவருக்கும் இரண்டாவது யோசனையே இல்லை. சொதிதான், தேங்காய்ப் பாலில் சிறுபருப்பும் காயும் சேர்த்துச் சோற்றுக்கு ஊற்றும் குழம்பு. செலவு 300 ரூபாயைத் தாண்டக் கூடாது, சமையலறையில் நிற்பது இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், மறுநாள் கொட்டும்படி எதுவும் மிஞ்சக் கூடாது. இந்த மூன்றும் அவர்களே வைத்துக்கொண்ட வரம்பு.

வீட்டில் இருந்தவை: இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், அதற்குள் அடுக்கும் இரண்டு பாத்திரங்கள், மிக்ஸி, அடிகனமான 2 லிட்டர் பாத்திரம் ஒன்று, சின்ன இரும்புச் சட்டி, சிறிய ஃப்ரிட்ஜ். இதற்கு மேல் ஒன்றும் வாங்கத் தேவைப்படவில்லை.

சொதி இந்தப் பக்கத்தில் கல்யாணத்தோடு சேர்ந்த சாப்பாடு. கல்யாணத்துக்கு அடுத்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடுவது. மாப்பிள்ளைச் சொதி என்றே பேர். அதனால் கைவழியாக வரும் கணக்கெல்லாம் இருபது பேருக்கு, ஐம்பது பேருக்கு என்றே இருக்கும். இந்த வீட்டின் சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

பொங்கல் விடுமுறையில் நடந்தது

விசுவுக்கு முன்பே, தைப்பொங்கல் விடுமுறையில் ஒரு தடவை செய்து பார்த்திருந்தார்கள். மாமியார் போனில் சொன்ன கணக்கு இருபது பேருக்கு: 10 தேங்காய், அரைக்கிலோ சிறுபருப்பு, நாலு கிலோ காய். பத்தால் வகுத்தால் ஒரு தேங்காய், 50 கிராம் பருப்பு, 400 கிராம் காய். கணக்கு சரி. வந்தது சொதியில்லை, கரண்டியில் நிற்கும் கூட்டு. மேலே எண்ணெய் திரிந்து சொட்டுச் சொட்டாக மிதந்தது. ஆறு வகைக் காயைக் கால் கிலோ கால் கிலோவாக வாங்கியதில் பாதிக்கு மேல் ஃப்ரிட்ஜில் கிடந்து வாடியது. தேங்காய்ப் பாலில் இன்னொரு தேங்காய் உடைத்துப் பாயசமும் வைத்திருந்தார்கள். அதை முக்கால்வாசி யாரும் தொடவில்லை.

கெட்டிப்பட்டதற்குக் காரணம் வகுத்தல் கணக்கில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. இருபது பேருக்குக் கொதிக்கும் அண்டாவில் உள்ள அளவை ஒப்பிட்டால் வாய் சிறியது. ஆவியாகப் போகும் தண்ணீர் கொஞ்சம். ஒரு லிட்டர் சொதி அகன்ற சட்டியில் கொதிக்கும்போது அதே இருபது நிமிடத்தில் கால் பங்கு கூடக் குறைந்துவிடும். அதோடு, பத்துத் தேங்காயை அரைத்துப் பிழியும்போது துணியிலும் ஜாரிலும் ஒட்டிப் போகும் பால் கணக்கிலேயே வராது. ஒரு தேங்காயில் அது பெரிய நஷ்டம். பால் இரண்டு வழியில் குறைய, பருப்பு மட்டும் அப்படியே நின்றது. சிறுபருப்பின் மாவுச்சத்து பாலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அளவு கூடினால் பாலையே விழுங்கிவிடும். இருவர் சொதிக்கு 30 கிராம் போதும், அதாவது தலைதட்டி இரண்டு மேசைக்கரண்டி.

எண்ணெய் திரிந்தது வேறு கதை. அதைச் சமைக்கும் இடத்தில் சொல்ல வேண்டும்.

தேங்காயிலிருந்து தொடங்கும் கணக்கு

விசுவுக்குத் திட்டம் போட்டபோது ஆள் கணக்கை விட்டுவிட்டு, பிரிக்க முடியாத பொருளிலிருந்து தொடங்கினார்கள். சொதியில் பிரிக்க முடியாதது தேங்காய். உரித்த நடுத்தரக் காய் அரைக்கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கும். துருவினால் ஏறக்குறைய 250 கிராம் பூ. அதில் முதல் பால் 200 மில்லி, இரண்டாம் பால் 250, மூன்றாம் பால் 250 எடுக்கலாம். பருப்பும் காயும் சேர்ந்தால் சொதி ஒரு லிட்டர் வரும். இருவர் வயிறாரச் சாப்பிட 650 மில்லி. மீதி மூன்றில் ஒரு பங்கு மறுநாள் காலை இடியாப்பத்துக்கு. அரைத் தேங்காயில் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அரைத் தேங்காயில் முதல் பால் 80 மில்லிகூடத் தேறாது, சொதிக்கு ருசி தருவதே அதுதான். காயைக் குறைக்கலாம், பருப்பைக் குறைக்கலாம், தேங்காயில் கை வைக்கக் கூடாது.

தேங்காய் ஒன்று என்று முடிவானதும் மற்றவை தாமாக இடம்பிடித்தன. பாயசம் போனது, ஏனென்றால் அது இரண்டாவது தேங்காய் கேட்கிறது. அதற்குப் பதில் 150 கிராம் அல்வா. திருநெல்வேலியில் இருந்துகொண்டு இருவருக்காக இனிப்புக் கிண்டுவதில் பொருளில்லை. அல்வாவைச் சூடாக வாங்கினால் இலையில் முதலில் வைக்க அது ஒன்றே போதும்.

அடுத்து ஒரு இடைஞ்சல். சொதி என்றால் இஞ்சிப் பச்சடி இருந்தாக வேண்டும். தேங்காய்ப் பாலும் பருப்பும் வயிற்றில் கனமாக உட்காரும், இரவில் இன்னும் அதிகம், அதற்கு மாற்று இஞ்சி. விசு என்றால் மாங்காய், வேப்பம்பூ, வெல்லம் சேர்ந்த பச்சடி. இரண்டுமே இனிப்பும் புளிப்பும். இரண்டு இலைக்கு இரண்டு பச்சடி வைத்தால் இரண்டும் மிஞ்சும். எடுத்த முடிவு நல்ல முடிவு: இஞ்சிப் பச்சடியில் புளிக்குப் பதில் மாங்காய், மேலே நெய்யில் பொரித்த வேப்பம்பூ. ஏப்ரலில் மாங்காய் மலிவு, வேம்பு தெருவிலேயே பூத்திருக்கும். ஒரே கிண்ணத்தில் இரண்டு வழக்கமும் நின்றது.

சிப்ஸ் வேண்டாம் என்பதும் அப்படித்தான். 200 கிராம் கிழங்கைச் சீவிப் பொரிக்கக் கால் லிட்டர் எண்ணெய் சூடாக்க வேண்டும். உருளைக்கிழங்குக் காரக்கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.

வாங்கியது

13ஆம் தேதியே மகாராஜநகர் உழவர் சந்தையிலும் தெருமுனைக் கடையிலுமாக வாங்கினார்கள். விசு அன்று காலையில் இலையும் எலுமிச்சையும் விலை ஏறும். புளியங்குடிப் பக்கமே எலுமிச்சைக்குப் பேர் போனது என்றாலும், கோடையில் தேவை கூடுவதால் ஏப்ரலில் பழம் விலை கூடத்தான் இருக்கும். உழவர் சந்தையில் கால் கிலோவுக்குக் கீழே நிறுக்கத் தயங்குவார்கள்; கேரட், பீன்ஸ் மட்டும் தெருமுனைக் காய்கறிக் கடையில் நூறு நூறு கிராமாக வாங்குவதே லாபம், கிலோ விலை கூட இருந்தாலும்.

சொதிக்கான காய்: உருளைக்கிழங்கு 100 கிராம், கேரட் 60, பீன்ஸ் 60, முருங்கைக்காய் ஒன்று. நாலே வகை. பச்சைப் பட்டாணி விட்டாச்சு. ஏப்ரலில் நல்ல பட்டாணி கிடைக்காது, ஊறவைத்த காய்ந்த பட்டாணி போட்டால் அதன் மாவு வாடை பாலைக் கெடுக்கும். சின்ன வெங்காயம் 12, பூண்டு 8 பல், பச்சை மிளகாய் 4, இஞ்சி மொத்தம் 25 கிராம், கறிவேப்பிலை. காரக்கறிக்குக் கிழங்கு 200 கிராம். மாங்காய் ஒன்று, எலுமிச்சை இரண்டு.

தேங்காய் எடுக்கும்போது கையில் கனமும், குலுக்கினால் தண்ணீர்ச் சத்தமும் வேண்டும். சத்தமே இல்லாத முற்றல் கொப்பரைக்குப் போகிற காய்; அதில் எண்ணெய் நிறைய, பால் குறைவு. இளங்காயில் பால் நீர்த்திருக்கும். வாங்கிய தேங்காயை விசு அன்று காலையிலேயே உடைத்துப் பார்த்தது புத்திசாலித்தனம்: அழுகல் என்றால் மாற்றிக்கொள்ளப் பகல் முழுக்க இருக்கிறது. மாலையில் உடைத்து அழுகிப்போனால் அன்றைய சாப்பாடே போச்சு.

மாலை ஆறு மணியிலிருந்து

காலையில் உடைத்த தேங்காய் ஃப்ரிட்ஜில் இருந்தது. அதை ஐந்து மணிக்கே வெளியே எடுத்து வைத்தார்கள். தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்ந்த தேங்காயை அப்படியே அரைத்தால் கொழுப்பு வெண்ணெய்த் துணுக்காக ஜாரில் ஒட்டிக்கொள்ளும், பால் வெளிறிப் போகும். பல வீடுகளில் "பால் நல்லாவே வரல" என்பதற்கு இதுவே காரணம், தேங்காயைக் குறை சொல்வார்கள்.

கணவர் காயெல்லாம் நறுக்கி முடிக்க ஆறு இருபது. கிழங்கைப் பெரிய துண்டாகவும், கேரட்டையும் பீன்ஸையும் ஒரு அங்குல நீளத்திலும் நறுக்க வேண்டும். பொடியாக நறுக்கினால் கரைந்து சொதியைக் கெட்டியாக்கும்.

குக்கரில் அடியில் அரிசி: பொன்னிப் புழுங்கல் 200 கிராம், 550 மில்லி தண்ணீர். மேல் பாத்திரத்தில் வாசம் வரும் அளவு மட்டும் வறுத்த சிறுபருப்பு 30 கிராம், 150 மில்லி தண்ணீர், மூடியோடு. அரிசிக்கு ஐந்து விசில் வேண்டும், பருப்புக்கு மூன்று போதும். ஆனாலும் சேர்த்தே வைக்கலாம், பருப்பு எப்படியும் மசிக்கப்படுவது. ஒரு பர்னர் மிச்சம், கேஸும் மிச்சம்.

பால் எடுப்பது ஆறரைக்கு. துருவலோடு 120 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், கொதிநீர் கூடாது. மிக்ஸியைப் பத்துப் பத்து விநாடியாக மூன்று முறை விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஒரு நிமிடம் ஓட்டினால் ஜார் சூடேறி எண்ணெய் அங்கேயே பிரியத் தொடங்கும். மெல்லிய துணியில் பிழிந்து முதல் பாலைத் தனியே வைத்து, சக்கையை ஒவ்வொரு தடவையும் 250 மில்லி தண்ணீரோடு இன்னும் இரண்டு முறை அரைத்துப் பிழிந்தால் மூன்று கிண்ணம் தயார்.

பச்சடிக்கு 20 கிராம் இஞ்சி. கோடையில் கிடைப்பது முற்றிய இஞ்சி, நார் அதிகம்; நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மாங்காய்ச் சதை 100 கிராம் துண்டு போட்டு 100 மில்லி தண்ணீரில் குழைய வேகவைத்து மசித்து, இஞ்சி விழுது, உப்பு, 50 கிராம் வெல்லம் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் கரண்டியில் ஒட்டும் பதம் வரும். கடுகு, இரண்டு மிளகாய் வற்றல் தாளிப்பு. வேப்பம்பூ ஒரு தேக்கரண்டி நெய்யில் கருகாமல் பொரித்து, இலையில் விளம்பும்போதுதான் மேலே தூவ வேண்டும்; முன்பே கலந்தால் கசப்பு முழுக்க இறங்கிவிடும்.

அப்பளத்தை முதலில் பொரித்தார்கள், அதே எண்ணெயில் கறி வைக்கலாம் என்பதற்காக. யோசனை சரி. கறிக்கு கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து, வற்றல் பொடி, சோம்பு, உப்பு பிரட்டி இரும்புச் சட்டியில் பன்னிரண்டு நிமிடம், அடிக்கடி கிண்டாமல். கிண்டினால் மொறுமொறுப்பு வராது.

சொதி

ஏழு பத்து. அடிகனமான பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், அரைத் தேக்கரண்டி சீரகம், கறிவேப்பிலை. வெங்காயமும் பூண்டும் நிறம் மாறாமல் நாலு நிமிடம் வதங்க வேண்டும். சிவந்தால் சொதி பழுப்பாகும். மஞ்சள்தூளும் வற்றலும் இதில் கிடையாது, காரம் முழுக்கப் பச்சை மிளகாய்தான். இரண்டு மிளகாயை மீதி இஞ்சியோடு அரைத்தும் இரண்டைக் கீறியும் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி, மூன்றாம் பாலை ஊற்றினார்கள். முருங்கையும் கிழங்கும் மூடி எட்டு நிமிடம். பிறகு கேரட், பீன்ஸ், முக்கால் தேக்கரண்டி உப்பு, இன்னும் ஆறு நிமிடம். மூடியே வேகவிட்டதால் தண்ணீர் பெரிதாகக் குறையவில்லை. காய் வெந்த பின் இரண்டாம் பாலும் மசித்த பருப்பும்; ஒரு கொதி வந்து நாலு நிமிடம்.

இந்த இடத்தில் நின்றார்கள். இதுதான் பொங்கல் சமையலில் விட்டுப்போனது. மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் மாற்றி, முதல் பாலில் 60 மில்லியும் தனியே எடுத்து வைத்தார்கள். முதல் பாலும் எலுமிச்சையும் சேர்ந்த சொதியைத் திரும்பச் சூடாக்கினால் திரியாமல் இருக்காது. மறுநாளுக்கு வேண்டியதை அதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும்.

மீதியில் முதல் பால். தேங்காய்ப் பாலில் கொழுப்புத் துளிகளைத் தண்ணீரோடு கட்டி வைத்திருப்பது அதிலுள்ள புரதம். 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்தப் புரதம் திரளத் தொடங்கும். கட்டு அவிழ்ந்து எண்ணெய் மேலே வரும். எலுமிச்சையின் புளிப்பும் அதே வேலையைச் செய்யும், சூடு இருந்தால் இன்னும் வேகமாக. பொங்கலன்று முதல் பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பில் இருக்கும்போதே பழத்தையும் பிழிந்திருந்தார்கள். மாமியார் சொன்ன வாக்கியத்தில் இதெல்லாம் ஏற்கெனவே இருந்தது: "பொங்க விட்ராதம்மா, நொர கூடயிலயே எறக்கிரு." நுரை கூடுவது என்பது எப்படி இருக்கும் என்று தெரியாததுதான் குறை.

அது இப்படி இருக்கும். முதலில் முதல் பாலில் ஒரு கரண்டிச் சூடான சொதியை ஊற்றிக் கலக்கி, பாலையும் சூட்டுக்குப் பழக்க வேண்டும். பிறகு தீயைக் குறைந்த அளவில் வைத்துப் பாலைச் சேர்த்து மெல்லக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. பின் பாத்திரத்தின் விளிம்பை ஒட்டி ஊசிமுனை அளவு நுரை வளையமாகக் கட்டும், ஆவி வாசம் மாறும், பச்சை வாடை போய் இனிப்பு வாடை வரும். வளையம் நடுவை நோக்கி நகரத் தொடங்கும்போது அடுப்பை அணைத்து இறக்கிவிட வேண்டும். நடுவில் ஒரு குமிழி வெடித்தாலே தாமதம்தான். மண்சட்டியில் செய்பவர்கள் இன்னும் அரை நிமிடம் முன்பே இறக்க வேண்டும், சட்டி சூட்டைப் பிடித்து வைத்து மேலும் கொதிக்கவைக்கும்.

இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு அரை எலுமிச்சைச் சாறு, நெய்யில் வறுத்த 20 கிராம் முந்திரி. ருசி பார்த்துப் புளிப்புப் போதாவிட்டால் இலையில் ஆளுக்கு ஒரு துண்டு பழம் வைத்துவிடலாம், பாத்திரத்தில் கூட்டுவதைவிட அது மேல்.

எப்படி வந்தது

ஏழே முக்காலுக்கு இலை போட்டார்கள். சொதி திரியவில்லை, சோற்றில் ஊற்றினால் ஓடி இலை ஓரத்தில் நிற்கும் பதம். சோறு ஒரு பிடி மிஞ்சியது. இரவில் 180 கிராம் அரிசியே போதும். தவறியவை இரண்டு. மாங்காய் எதிர்பார்த்த புளிப்பு இல்லாததால் பச்சடி தித்திப்பாக நின்றது. இரண்டாவது எலுமிச்சையில் கால் பழம் பிழிந்து சரிக்கட்டினார்கள். மாங்காயைக் கடித்துப் பார்த்த பிறகே வெல்லம் போட வேண்டும், முதலில் 30 கிராம், பிறகு தேவைக்கு. அப்பளத்தை ஆறுமுன்பே டப்பாவில் போட்டு மூடியதில் தன் ஆவியிலேயே நமத்துப் போனது. எண்ணெய் வடிந்து முழுக்க ஆறிய பின் மூடினால் ஒரு மணி நேரம் தாங்கும்.

செலவு: தேங்காய் 35 ரூபாய், காய்கறி, மாங்காய், எலுமிச்சை எல்லாம் சேர்ந்து 88, இலை 16, அப்பளம் 25, முந்திரி 20, அல்வா 60. வீட்டிலிருந்த அரிசி, பருப்பு, எண்ணெய், நெய், வெல்லம் பயன்பட்ட அளவுக்கு 45. மொத்தம் 289. விலை நாளுக்கு நாள் மாறும், தேங்காய் விலை சமயத்தில் ரொம்பவே ஏறும். அப்போது குறைக்க வேண்டியது முந்திரியும் அல்வாவின் அளவும். அப்பளக் கட்டில் நாலுதான் செலவானது, மீதிக் கேரட்டும் பீன்ஸும் மறுநாள் மதியப் பொரியலுக்குப் போனது, ஆக உண்மைச் செலவு இன்னும் கொஞ்சம் குறைவுதான்.

தனியே எடுத்த பருப்புக் காய்க் கலவையும் 60 மில்லி முதல் பாலும் சாப்பாடு முடிந்த கையோடு ஃப்ரிட்ஜுக்குள் போயின. ஏப்ரல் வெக்கையில் தேங்காய்ப் பால் சேர்ந்த எதையும் இரவு வெளியே விட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். 15ஆம் தேதி காலை பாலை முதலில் வெளியே எடுத்து அரை மணி நேரம் வைத்து, மேலே உறைந்து நின்ற கெட்டியைக் கரண்டியால் கலக்கினார்கள். கலவையைத் தனியாக நன்றாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் பாலை ஊற்றினார்கள். அணைத்த அடுப்பின் மேலேயே அந்தச் சூடு போதும். எலுமிச்சை சில சொட்டு. இடியாப்பம் ஆளுக்கு நாலு.